க்ளவுன் மீனுக்கு வெள்ளைப் படலம், ப்ளூ டேங் மீனுக்கு வெள்ளைப் புள்ளி: ரெண்டையும் ஒரே தனித்தொட்டியில போட்டு காப்பர் (செம்பு) மருந்து கொடுக்கலாமா?

குடந்தை ரீஃப்:

வணக்கம். கும்பகோணத்துல 4 அடி கடல்மீன் தொட்டி, சம்ப்போட (கீழே இருக்கற வடிகட்டித் தொட்டி) சேர்த்து 300 லிட்டர். உள்ளே லைவ் ராக் (நுண்ணுயிர் குடியிருக்கற கடல்பாறை), சாஃப்ட் கோரல் (மென்பவளம்), ரெண்டு கிளீனர் இறால், நத்தை. மீன் மூணுதான்: ஒரு ஜோடி க்ளவுன், ஒரு சின்ன ப்ளூ டேங். மூணும் ஒரே பார்சல்ல வந்தவை.

பெரிய க்ளவுனோட ஆரஞ்சு நிறம் முதுகுப் பக்கம் மங்கி, திட்டுத்திட்டா வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு. வேவ்மேக்கர் (தண்ணியில ஓட்டம் உண்டாக்கற பம்ப்) பக்கத்துலயே நின்னு வாயைத் திறந்து திறந்து மூடுது. நேத்துலேர்ந்து சாப்பாட்டைத் தொடலை. சின்ன க்ளவுன் சாப்பிடுது, ஆனா செவுள் அடிக்கிற வேகம் கூடியிருக்கு. டேங் உடம்புலயும் வால் துடுப்புலயும் உப்புத்தூள் தெளிச்ச மாதிரி புள்ளி. பாறையில உரசுது, பசி மட்டும் குறையலை.

அளவுகள்: அடர்த்தி 1.025, வெப்பம் 30, பிஎச் 8.1, அம்மோனியா 0, நைட்ரேட் 15. கையில இருக்கறது: 18×12×12 அங்குல காலித் தொட்டி, புது ஸ்பாஞ்ச் ஃபில்டர், இரட்டைக் குழாய் ஏர் பம்ப், 60 லிட்டர் பிளாஸ்டிக் டப் ரெண்டு, ரிஃப்ராக்டோமீட்டர் (உப்பு அளக்கற கருவி), அம்மோனியா அளக்கற கிட். காப்பர் அளக்கற கிட் இல்லை. தரங்கம்பாடியில பிடிச்ச கடல்தண்ணி ஒரு டிரம் இருக்கு, உப்பு பாக்கெட்டும் இருக்கு.

மூணு மீனையும் 18 அங்குலத் தொட்டிக்கு மாத்தி காப்பர் போடலாமா? காப்பர் மருந்து வர்ற வரைக்கும் உரக்கடை மயில்துத்தத்தை (காப்பர் சல்ஃபேட்) கரைச்சு ஊத்தினா சரி வருமா?


நாகை அலைவாய்:

ஊத்தாதீங்க. நீங்க எழுதியிருக்கறதைப் பார்த்தா ரெண்டும் வேற வேற நோய். ஒண்ணுக்குக் காப்பர் கேட்கவே கேட்காது.

முதல்ல நோயைப் பிரிச்சுப் பாருங்க. அறை விளக்கை அணைச்சுட்டு, டார்ச்சை முகத்துக்கு நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க. புள்ளிகளைத் தனித்தனியா எண்ண முடியுதா, ஒவ்வொண்ணும் மேல புடைச்சு நிக்குதா? அது இக், கிரிப்டோகேரியான்ங்கற ஒட்டுண்ணி. எண்ண முடியாத அளவுக்கு மெல்லிய பொடியா, சாய்ஞ்ச வெளிச்சத்துல மட்டும் மஞ்சளா மினுக்குதா? அது வெல்வெட், அமைலூடினியம். புள்ளியே இல்லாம, தோல்மேல சளி தடிச்சு, ஓரம் பிரிஞ்சு தண்ணியில இழை மாதிரி ஆடுதா? அது புரூக்லினெல்லா. பிடிச்சுக் கொண்டுவந்த க்ளவுன்ல ரொம்ப சகஜம். சில சமயம் ஒரே ராத்திரியில மீன் போயிடும்.

உங்க டேங்குக்கு இக், க்ளவுனுக்கு புரூக்னு நினைக்கிறேன். டார்ச் பார்த்துட்டு சொல்லுங்க. ஆனா க்ளவுன் அது வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அதனால அதுக்கு என்ன செய்யணும்னு இப்பவே எழுதிடறேன்.

புரூக்குக்கு மருந்து ஃபார்மலின். கல்லூரி ஆய்வகங்களுக்குச் சப்ளை பண்ற கடையில 37 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசலா கிடைக்கும். புது பக்கெட்ல 10 லிட்டர் கடல்தண்ணி, தொட்டியில உள்ள அதே உப்பு, அதே வெப்பம். ஏர்ஸ்டோனை முழு வேகத்துல விட்டுட்டு, 1.5 மில்லி ஃபார்மலினை சிரிஞ்சில அளந்து, ஒரு டம்ளர் கடல்தண்ணியில கலந்து ஊத்துங்க. 150 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 150 பங்கு) வரும். 250 வரைக்கும் போகலாம்னு படிச்சிருப்பீங்க. 30 டிகிரித் தண்ணியில அதுக்குப் போகாதீங்க, வெப்பம் ஏற ஏற ஃபார்மலினோட கடுமையும் ஏறும், அதுவே தண்ணியில உள்ள ஆக்சிஜனையும் தின்னும். அஞ்சு நிமிஷம் நல்லா காத்து ஓடின பிறகு மீனை விடுங்க. 45 நிமிஷம் பக்கத்துலயே இருங்க. மீன் கவிழ்ந்தாலோ, தாறுமாறா சுத்தினாலோ உடனே வெளிய எடுத்துடணும்.

ரெண்டு க்ளவுனும் குளிக்கணும். சின்னது சாப்பிடுதேன்னு விட்டுடாதீங்க, அதுக்குச் செவுள்ல ஆரம்பிச்சாச்சு.

குளியல் முடிஞ்சு பழைய தண்ணிக்கே திரும்பினா பண்ணின வேலை வீண். புரூக் கூடு கட்டிப் பதுங்கற ஒட்டுண்ணி இல்லை, மீன்மேலயே ரெண்டாப் பிளந்து பெருகும், உதிர்ந்தது தண்ணியில நீந்தித் திரும்ப ஏறும். அதனால மீன் பக்கெட்ல இருக்கற 45 நிமிஷத்துல 18 அங்குலத் தொட்டியைக் காலி பண்ணி, வெந்நீர் விட்டுக் கழுவி, துணியால துடைச்சு, புதுக் கடல்தண்ணி நிரப்பிடுங்க. இந்தக் குளியலை ஒருநாள் விட்டு ஒருநாள், மூணு தடவை கொடுக்கணும். நடுவுல தோல்ல ரத்தம் கசியற புண் தெரிஞ்சா ஃபார்மலினை நிறுத்திட்டு எழுதுங்க.

கையுறை போடாம ஃபார்மலின் பாட்டிலைத் தொடக்கூடாது. கொல்லைப்புறத்துலயோ மொட்டைமாடியிலயோ வச்சு செய்யுங்க, கதவு சாத்தின அறையில வேண்டாம். பாட்டில் அடியில வெள்ளையா வண்டல் இருந்தா அப்படியே திருப்பிக் கொடுத்துடுங்க. அது பாராஃபார்மால்டிஹைடு, சாதாரண ஃபார்மலினைவிட மீனுக்குப் பல மடங்கு விஷம். குலுக்கிக் கரைக்கப் பார்க்காதீங்க.


தஞ்சை சம்ப்:

மருந்தைப் பற்றி மேலே சொன்னது சரி. தனித்தொட்டியில் மீன் சாவதற்கு மருந்தோ நோயோ காரணமாக இல்லாமல், அம்மோனியாவும் மூச்சுத்திணறலும் காரணமாவதுதான் அதிகம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புது ஸ்பாஞ்ச் ஃபில்டரில் பாக்டீரியா கிடையாது. காற்று ஓட்டம் தருவதற்கு மேல் அது முதல் சில வாரங்களுக்கு எதுவும் செய்யாது. சம்ப்பில் ஊறிய ஸ்பாஞ்ச் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்வோம். உங்கள் விஷயத்தில் அதைச் செய்யக் கூடாது. நோய் வந்த தொட்டியின் ஸ்பாஞ்சில் இக் ஒட்டுண்ணியின் கூடுகள் ஒட்டியிருக்கும். எந்தத் தொட்டியிலிருந்து மீனைக் காப்பாற்றி வெளியே எடுக்கிறீர்களோ அதையே உடன் அனுப்புகிற மாதிரி ஆகிவிடும். லைவ் ராக்கும் வேண்டாம்.

ஆகவே தண்ணீர் மாற்றம்தான் உங்கள் ஃபில்டர். உங்கள் தொட்டியில் 25 செ.மீ. உயரம் தண்ணீர் விட்டால் 35 லிட்டர் வரும். கண்ணாடியில் அந்த மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள், மருந்துக் கணக்கு எல்லாம் அந்த 35-ஐ வைத்துத்தான். காலை, மாலை அம்மோனியா பாருங்கள். 0.25 தொட்டால் 10 லிட்டர் மாற்றுங்கள், 0.5 என்றால் பாதியை. பிஎச் 8.1-ம் வெப்பம் 30-ம் சேர்ந்தால் அம்மோனியாவில் நச்சான பங்கு கூடும். நன்னீர்த் தொட்டியில் தாங்குகிற அளவு இங்கே தாங்காது. சாப்பாடு ஒரு வேளை போதும். மிச்சம் விழுந்ததை இரண்டு நிமிடத்தில் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

காப்பர் இல்லாத தொட்டியில் அம்மோனியா கட்டும் மருந்து தாராளமாகப் போடலாம். காப்பர் இருக்கும் தொட்டியில் போடவே கூடாது. குளோரின் நீக்கவும் அம்மோனியா கட்டவும் விற்கும் திரவங்கள் பலவும் காப்பரின் தன்மையை மாற்றி, அதன் நச்சைக் கூட்டிவிடும்.

ஆக்சிஜன்: 25 டிகிரிக் கடல்தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 6.7 மி.கி. கரையும், 31 டிகிரியில் 6.1 மி.கி.தான். செவுள் வீங்கிய மீனுக்கு அந்த வித்தியாசம் பெரிது. மேசை ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்த்து ஓடவிட்டால் 2 டிகிரி வரை இறங்கும். ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் ஆர்ஓ தண்ணீர் விடுங்கள், உப்புத் தண்ணீர் வேண்டாம். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள்.

இது ஐப்பசி. கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகை, வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் இருட்டு. இன்வர்ட்டரில் தொட்டிக்கென்று ஒரு பிளக் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கிச் சோதித்து வையுங்கள். ஃபார்மலின் குளியலை மட்டும் மின்தடை அறிவித்த நாளில் வைக்காதீர்கள்.


குடந்தை ரீஃப்:

ரொம்ப நன்றி. டார்ச் அடிச்சுப் பார்த்தாச்சு. க்ளவுன் மேல புள்ளி எதுவுமே இல்லை. முதுகுத் துடுப்புக்குக் கீழ சளி சுருண்டு ஓரம் பிரிஞ்சு நிக்குது, மீன் திரும்பும்போது அந்த ஓரம் ஆடுது. டேங்ல ஒரு பக்கம் பன்னெண்டு பதிமூணு புள்ளி, எல்லாமே எண்ண முடியுது, விரிச்ச துடுப்புல புடைச்சுத் தெரியுது. பொடி மாதிரி எதுவும் இல்லை.

டேங்கை எப்படிப் பண்றது? காப்பர் கிட் இங்க வர நாளாகும்.


நாகை அலைவாய்:

அப்போ சந்தேகமே இல்லை. க்ளவுனுக்கு இன்னிக்கே ஃபார்மலின். டேங்குக்கு மருந்தே வேண்டாம், தொட்டி மாத்தற முறையிலயே குணமாகும். அதுக்குத்தான் உங்க ரெண்டு டப்.

இது ஏன் வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா தப்பு வராது. இக் மீன்மேல 3 முதல் 7 நாள் தங்கும். அப்புறம் உதிர்ந்து, அடியிலயோ சுவர்லயோ ஒட்டி, கூடு கட்டி உள்ளேயே பெருகும். கூடு வெடிச்சு குஞ்சுகள் வெளிய வர்றதுக்குக் குறைஞ்சது 3 நாள் ஆகும். வெளிய வந்தது ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள மீன் கிடைக்கலைன்னா செத்துடும். அதனால 72 மணி நேரத்துக்குள்ள மீனைப் புது டப்புக்கு மாத்திக்கிட்டே இருந்தா, உதிர்ந்த கூடெல்லாம் பழைய டப்லயே நின்னுடும். மீன்மேல புதுசா எதுவும் ஏறாது.

டப் அ, டப் ஆ. 1-ஆம் நாள் அ-வுல விடுங்க. 4-ஆம் நாள் ஆ, 7-ஆம் நாள் அ, 10-ஆம் நாள் ஆ, 13-ஆம் நாள் கடைசியா சுத்தமான கவனிப்புத் தொட்டிக்கு. 72 மணிங்கறது உச்ச வரம்பு. 70-ல மாத்தலாம், 75-ல மாத்தக் கூடாது. ஒட்டுண்ணி பெரும்பாலும் இருட்டுலதான் உதிரும், அதனால காலையில விளக்குப் போடறதுக்கு முன்னாடி மாத்தறது நல்லது.

ஒவ்வொரு டப்புக்கும் தனி ஏர்ஸ்டோன், தனிக் குழாய், ஒளிஞ்சுக்க தனி பிவிசி எல்போ. மண், பாறை எதுவும் வேண்டாம். 50 லிட்டர் தண்ணி போதும். டேங்கோட வால் அடியில கத்தி மாதிரி முள் இருக்கு, வலையில மாட்டினா கிழிச்சுக்கும். பெரிய பிளாஸ்டிக் வடிகட்டியால அள்ளுங்க. தண்ணி கீழே வடிஞ்சுடும், பழைய தண்ணி புது டப்புக்குப் போகாது. மூடி வைக்க மறக்காதீங்க, டேங் குதிக்கும்.

காலியான டப்பைக் கழுவி 24 மணி நேரம் துளி ஈரமில்லாம காயவிடணும்னு சொல்வாங்க. இந்த மழையில காயாது. அதனால ஒரு டேபிள்ஸ்பூன் பிளீச்சிங் பவுடரை பக்கெட் தண்ணியில கரைச்சு டப், குழாய், எல்போ எல்லாத்தையும் அரை மணி ஊறவச்சு, வாசனை போற வரைக்கும் கழுவி, ஃபேன் அடியில காயவைங்க. ஏர்ஸ்டோன் துளைக்குள்ள ஈரம் நிக்கும், ஒவ்வொரு தடவையும் புதுசு போட்டுடுங்க, விலை அதிகமில்லை.

ஒண்ணு கவனமா இருங்க. நடுவுல எப்பவாவது டேங் மேல பொடி மாதிரி தெரிஞ்சாலோ, வெளிச்சத்தைத் தவிர்த்து ஓட்டத்துக்கு எதிர்ல முகம் வச்சு நின்னாலோ அது வெல்வெட். இந்த முறை அதுக்கு ஆகாது. அன்னிக்கே ஹைட்ரஜன் பெராக்சைடு குளியல் கொடுங்க, 75 பிபிஎம், 30 நிமிஷம். மெடிக்கல்ல கிடைக்கறது பெரும்பாலும் 6 சதவீதம், 10 லிட்டருக்கு 12.5 மில்லி. 3 சதவீதம்னா 25 மில்லி. லேபிளைப் படிக்காம அளக்காதீங்க, அளவு இரட்டிப்பானா செவுளுக்கு ஆபத்து. அப்புறம் காப்பர்.

இப்போ மயில்துத்தம். கொடிக்காலுக்குப் போர்டோ கலவை அடிக்கறதுக்கு விக்கறதும் காப்பர் சல்ஃபேட்தான். ஆனா அதுல வேற உலோகம் எவ்வளவு கலந்திருக்குன்னு தெரியாது. இலைமேல தெளிக்கப் போதும், 35 லிட்டர் தண்ணிக்குள்ள வாழற மீனுக்குப் போதாது. ஆய்வகத் தரப் படிகம் வாங்கினா கணக்கு இது: 3.93 கிராமை நகைத் தராசுல நிறுத்து ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர்ல கரைச்சா, 1 மில்லியில 1 மி.கி. காப்பர். 35 லிட்டருக்கு 7 மில்லி ஊத்தினா 0.2 பிபிஎம். ஒரேயடியா ஊத்தாம ரெண்டு நாள்ல ஏத்தணும். 0.15-க்குக் கீழ போனா ஒட்டுண்ணி பிழைக்கும், 0.25-ஐத் தாண்டினா மீன் தாங்காது. கடல்தண்ணியோட காரத்தன்மையில இந்தக் காப்பர் தானா படிஞ்சு குறைஞ்சுக்கிட்டே வரும், அதனால ஒரு நாளைக்கு ரெண்டு தடவை அளக்கணும். 10 லிட்டர் மாத்தினா புதுத் தண்ணியில 2 மில்லி கலந்து விடணும். 30 நாள், நடுவுல அளவு இறங்கினா திரும்ப ஒண்ணுலேர்ந்து. கிட் இல்லாம இதெல்லாம் நடக்கற காரியமில்லை, அதான் வேண்டாம்னு சொன்னேன்.

பாட்டில்ல விக்கற கீலேட் காப்பர் (வேற சேர்மத்தோட பிணைச்ச காப்பர்) வேற கணக்கு, சிலதுக்கு 2.0 முதல் 2.5 பிபிஎம் வரைக்கும் போகணும். இந்த 0.2-ஐ அதுக்கும், அந்த 2-ஐ இதுக்கும் போட்டு மீனைக் கொன்னவங்க நிறைய பேர். லேபிள்ல எந்த வகைன்னு பார்த்துட்டு அளவை எடுங்க.


பூம்புகார் பவளம்:

தண்ணி பற்றி யாரும் சொல்லாததால் சேர்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் கரையோரம் பிடித்த கடல்தண்ணீரை நம்பி மீனை விடாதீர்கள். காவிரி, கொள்ளிடம், அரசலாறு எல்லாம் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டுகிற மாதங்கள் இவை. முகத்துவாரத்திலிருந்து தள்ளி எடுத்தாலும் உப்பு குறைந்திருக்கும், சேறும் இருக்கும். டிரம்மைக் கலக்கிவிட்டு ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். அந்தக் கருவியையும் 35 பிபிடி (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் மேல்முனையில் தப்பு காட்டலாம். 28 பிபிடி இருந்தால் 50 லிட்டருக்கு 350 முதல் 370 கிராம் கடல்மீன் உப்பு சேர்த்தால் 35 வரும். வேதாரண்யம் கல்லுப்பு அதற்கு ஆகாது. அது சோடியம் குளோரைடு மட்டும்தான். கால்சியமும் மெக்னீசியமும் காரத்தன்மையும் அதில் வராது.

இயற்கைத் தண்ணீரில் ஒட்டுண்ணியே வந்துவிடலாம். துணியில் வடிகட்டி, 100 லிட்டருக்கு 30 சதவீத பிளீச்சிங் பவுடர் 3.3 கிராம் (10 பிபிஎம் குளோரின்) என்று தனியாகக் கரைத்து, அதன் தெளிந்த மேல்தண்ணீரை மட்டும் டிரம்மில் ஊற்றுங்கள். ஒரு ராத்திரி விட்டு, பிறகு ஏர்ஸ்டோன் போட்டு இரண்டு நாள் ஓடவிடுங்கள். குளோரின் சோதிக்கும் சொட்டு மருந்தில் மஞ்சள் நிறம் காட்டுவது நின்ற பிறகே மீனை விடுங்கள். இன்றைக்குத் தேவைப்படும் தண்ணீரை பாக்கெட் உப்பிலேயே கலக்குங்கள், லிட்டருக்கு 36 கிராம் அளவில். நாலு மாற்றத்துக்கு டேங்குக்கு மட்டும் 200 லிட்டர், 7 கிலோவுக்கு மேல் உப்பு. க்ளவுன் தொட்டிக்குத் தனி. கணக்குப் போட்டு முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், 10-ஆம் நாள் உப்பு தீர்ந்து நிற்பதுதான் இந்த முறை தோற்கும் இடம்.


குடந்தை ரீஃப்:

க்ளவுன் ரெண்டும் முதல் குளியல் முடிஞ்சு 18 அங்குலத் தொட்டியில இருக்கு. பெரியதோட சளி பாதிக்கு மேல கழண்டு போச்சு, மூச்சு இன்னும் வேகம்தான். டேங் டப் அ-வுல. ஒரே கேள்வி: பெரிய தொட்டி எத்தனை நாள் காலியா இருக்கணும்? கிளீனர் இறாலும் கோரலும் அங்கேயே இருக்கலாமா?


பூம்புகார் பவளம்:

இருக்கலாம். இந்த ஒட்டுண்ணிகளுக்கு இறால், நத்தை, கோரல் எதுவும் வீடு ஆகாது, மீன் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் விதி. இக் கூடு 72 நாள் வரை வெடிக்காமல் கிடந்ததாகப் பதிவு இருக்கிறது, அதனால் 76 நாள் வைத்துக்கொள்ளுங்கள். புரூக்குக்கு அவ்வளவு தேவையில்லை, இந்தக் காலத்துக்குள் அதுவும் போய்விடும். கடைசி மீன் வெளியேறிய தேதியிலிருந்து எண்ணுங்கள். நடுவில் புதுக் கோரலோ நத்தையோ கடையிலிருந்து வாங்கி வைத்தால் எண்ணிக்கை திரும்ப ஆரம்பம், அவற்றின் ஓட்டிலும் அடிக்கல்லிலும் கூடு வரும்.

இறாலுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் சாப்பாடு போடுங்கள். அது தின்னவும் ஆகும், பாறையிலுள்ள பாக்டீரியா பட்டினி கிடக்காமலும் இருக்கும். வெளியே எடுத்த மீன்களுக்கு மைசிஸ் (உறைந்த குட்டி இறால் போன்ற உணவு) கொடுங்கள், டேங்குக்கு நோரி (காய்ந்த கடற்பாசி) துண்டு கிளிப்பில் மாட்டி வையுங்கள். பூண்டுச் சாறு பசியைத் தூண்டலாம், நோயை ஒன்றும் செய்யாது.

தினமும் வேலை செய்யும் வரிசை: முதலில் க்ளவுன் தொட்டி, அடுத்து டப், கடைசியில் பெரிய தொட்டி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக அலசி, துடைத்துக்கொள்ளுங்கள். பெரிய தொட்டியில் கை விட்ட பிறகு அன்றைக்கு மற்ற இரண்டையும் தொட வேண்டாம்.